ஆதாயக் கொலை வழக்கில் ஆள் தலைமறைவு: இருபது வருடம் ஆனாலும் வழக்கை உயிரோடு வைத்திருக்க ஒரு வழிகாட்டி

திருட வந்தவர்கள், விழித்துக்கொண்ட வீட்டுக்காரரை அடித்துக் கொன்றுவிட்டு நகையோடு போய்விடுகிறார்கள். போலீஸ் பேச்சில் இதற்கு ஆதாயக் கொலை என்று பெயர். முதல் ஒரு வாரம் தனிப்படை, மோப்ப நாய், பத்திரிகைச் செய்தி எல்லாம் இருக்கும். ஆறு மாதத்தில் விசாரணை அதிகாரி மாறுதலாகிப் போவார். பத்து வருடம் கழித்து அந்தக் குடும்பத்திலிருந்து யாராவது ஒருவர் வக்கீல் ஆபீசுக்கு வந்து, "சார், ஆளு ரெண்டு பேரு இன்னும் கிடைக்கவே இல்லை. கேஸ் இருக்கா, முடிஞ்சிருச்சா?" என்று கேட்பார்.

பெரும்பாலும் கேஸ் இருக்கும். ஆனால் எந்த அலமாரியில், எந்த எண்ணில் என்று சொல்ல ஆள் இருக்காது.

இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட குடும்பங்களுக்கானது. ஓடிப்போனவனைப் பிடிப்பது போலீசின் வேலை, அதில் நம்மால் செய்ய முடிந்தது கொஞ்சம். பிடிபடும் நாளில் வழக்கு உயிரோடு இருக்கும்படி பார்த்துக்கொள்வது வேறு வேலை. அதில் குடும்பம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அநேகம் பேர் செய்வதில்லை.

காலம் போனால் வழக்கு செத்துவிடும் என்ற பயத்தை முதலில் விடுங்கள். வழக்கைப் பதிவுக்கு எடுத்துக்கொள்ளச் சட்டம் விதிக்கும் கால வரம்பு, மூன்று வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும்தான். கொலைக்கும் கொள்ளைக்கும் அது கிடையாது. முப்பது வருடம் கழித்துப் பிடித்தாலும் விசாரிக்கலாம்.

இன்னொரு குழப்பம்: "எங்க அப்பாவை அடிச்சவன் ஒருத்தன்தான். வாசல்ல நின்னவன் மேல எப்படி கொலை கேஸ் நிக்கும்?" நிற்கும். இந்திய தண்டனைச் சட்டத்தில் 396 என்று ஒரு பிரிவு உண்டு. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து கொள்ளையடிக்கும்போது அவர்களில் ஒருவன் கொலை செய்தாலும் அத்தனை பேரும் பொறுப்பு. மரண தண்டனை வரை போகலாம். ஐந்துக்குக் குறைவென்றால் 460 இருக்கிறது: இரவில் கன்னம் வைத்து உள்ளே புகும்போது ஒருவன் உயிரை எடுத்தால், கூட இருந்த எல்லோருக்கும் ஆயுள் தண்டனை வரை உண்டு. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 310(3), 331(8) என்று எண் மாறியிருக்கின்றன. 2024 ஜூலை 1க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய எண்கள்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டமும் அதே நாளில் மாறியதால், கீழே அதன் பழைய எண்ணோடு புதிய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் எண்ணையும் தருகிறேன்.

முதல் படி: வழக்கு எந்த நிலையில் நிற்கிறது?

தலைமறைவு என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று வேறு நிலைகள் இருக்கின்றன. யார் செய்தார்கள் என்றே தெரியாமல், கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் அறிக்கை போட்டு வைத்திருப்பது ஒன்று. பெயர் தெரிந்து, குற்றப்பத்திரிகையில் "தலைமறைவு" என்று குறிக்கப்பட்டு, ஒரு நாள்கூடப் பிடிபடாதவன் இரண்டாவது. மூன்றாவது வகைதான் வயிற்றெரிச்சல்: பிடிபட்டு, சிறைக்குப் போய், ஜாமீனில் வந்து, நாலு வாய்தா ஒழுங்காக வந்து, ஐந்தாவது வாய்தாவில் காணாமல் போனவன்.

தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் பவாரியா வழக்குகள். 1995க்கும் 2005க்கும் இடையில், நெடுஞ்சாலையை ஒட்டித் தனியாக இருந்த வீடுகளில் வடமாநிலக் கும்பல் ஒன்று இரவில் புகுந்து கொன்று கொள்ளையடித்தது. 2005 ஜனவரியில் பெரியபாளையம் அருகே தானாகுளத்தில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் தன் வீட்டிலேயே கொல்லப்பட்ட பிறகுதான் ஐ.ஜி. ஜாங்கிட் தலைமையில் பெரிய தனிப்படை இறங்கியது. ஆட்களைப் பிடித்ததோடு கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீதிமன்றத்தில் அது அதற்குப் பிறகும் பல வருடம் இழுத்தது. சிலர் சிறையிலேயே இறந்தார்கள், ஜாமீனில் போன சிலர் திரும்பவில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வழக்கே இப்படி என்றால், ஊர்ப் பெயர்கூடப் பத்திரிகையில் வராத வீட்டு வழக்கை நினைத்துப் பாருங்கள்.

சரி, எண்களைச் சேகரியுங்கள். காவல் நிலையக் குற்ற எண் (ஆண்டோடு) முதலில். இது ஒரு வழக்குக்கு மனிதனின் பிறந்த தேதி மாதிரி, மாறாது. அடுத்து, குற்றப்பத்திரிகை தாக்கலானபோது மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கொடுத்த பி.ஆர்.சி. எண். அங்கிருந்து செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனபின் வந்த எஸ்.சி. (செஷன்ஸ் கேஸ்) எண். பிடிபட்டவர்கள் மேல் வழக்கு நடந்து, ஓடிப்போனவனை மட்டும் பிரித்திருந்தால் அதற்கென்று தனி எண் இருக்கும். கோர்ட்டில் இதை ஸ்பிலிட்-அப் கேஸ் என்பார்கள். கடைசியாக எல்.பி.சி. எண், அதாவது நீண்டகால நிலுவைப் பதிவேட்டு எண். இதில் போய் விழுந்த வழக்கைத் தினமும் கூப்பிட மாட்டார்கள், வாய்தாப் பட்டியலில் தேடினால் வராது. "கேஸ் இல்லைன்னு சொல்லிட்டாங்க சார்" என்று வருகிற பாதிப் பேரின் வழக்கு இந்தப் பதிவேட்டில்தான் தூங்கும்.

1990களின் வழக்கு இ-கோர்ட்ஸ் செயலியில் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் நகல் மனுதான் வழி. முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, மகஜர்கள் (சம்பவ இடத்தையும் கைப்பற்றிய பொருளையும் பற்றிச் சாட்சிகள் முன் போலீஸ் எழுதிய குறிப்புகள்), முதன்மை வழக்கின் தீர்ப்பு ஆகியவற்றுக்குச் சான்றிட்ட நகல் வாங்கி இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வேறு ஒருவர் வீட்டில் இருக்கட்டும். வெள்ளத்தில் போன கட்டுகளைப் பார்த்திருக்கிறேன். வெள்ளமே வராத ஊரில் கரையான் தின்ற கட்டுகளையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: பிடிவாரண்டும் பிரகடனமும்

நீதிமன்றம் ஒரு முறை பிறப்பித்த பிடிவாரண்டு, அது நிறைவேற்றப்படும் வரை அல்லது நீதிமன்றமே ரத்து செய்யும் வரை செல்லும் (பழைய 70(2), புதிய 72(2)). இந்தியாவில் எந்த மூலையிலும் அதைக் காட்டிக் கைது செய்யலாம். ஆகவே "வாரண்டு பழசாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காகிதம் ஸ்டேஷனில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஸ்டேஷன் இரண்டாகப் பிரிந்தபோதும், மாவட்டம் பிரிந்தபோதும் வாரண்டுகள் பழைய இடத்திலேயே தங்கிவிடும். எந்த ஸ்டேஷன் வாரண்டு பதிவேட்டில் அது இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது பிரகடனம் (82, புதிய 84). இன்ன நாளில் ஆஜராகு என்று குறைந்தது முப்பது நாள் அவகாசம் கொடுத்து, அவன் வழக்கமாக வசித்த ஊரில் பலர் பார்க்கும் இடத்தில் சத்தமாகப் படித்து, வீட்டுச் சுவரிலும் கோர்ட்டிலும் ஒட்ட வேண்டும். தண்டோரா காலத்துச் சடங்கு போலத் தெரிந்தாலும் இதற்கு இன்றும் பலம் அதிகம். ஆதாயக் கொலைக்குரிய 302 (கொலை), 396, 449 (மரண தண்டனைக்குரிய குற்றம் செய்ய வீட்டில் புகுவது), 460 போன்ற தண்டனைச் சட்டப் பிரிவுகளில் தேடப்படுபவன் அப்படியும் வராவிட்டால், அவனை அறிவிக்கப்பட்ட குற்றவாளி என்று நீதிமன்றம் முத்திரை குத்தலாம். அப்புறம் அவனுக்கு முன்ஜாமீன் கிடைப்பது மிகக் கடினம். ஆஜராகாததே தனிக் குற்றமாகி, ஏழு வருடம் வரை தண்டனைக்கு வழி வைக்கும்.

பல பழைய வழக்குகளில் பிரகடனம் அரைகுறையாக நடந்திருக்கும். முப்பது நாள் கொடுக்காமல் இருபது நாள் கொடுத்திருப்பார்கள், அல்லது ஊரில் படித்ததற்குப் பதிவே இருக்காது. அது செல்லாது என்று எதிர்த்தரப்பு பின்னால் உடைக்கும். உங்கள் வக்கீலை விட்டு இந்த ஒரு காகிதத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஓட்டை இருந்தால் மறுபடி பிரகடனம் கேட்டு அரசு வக்கீல் மூலம் மனுப் போடலாம்.

சொத்து முடக்கத்தை (83, புதிய 85) வேகமாகத் தாண்டிப் போகிறேன். கன்னக்களவுக்காரன் பேரில் பெரும்பாலும் சொத்து இருக்காது. இருந்தால் கேளுங்கள், பங்காளிகளோடு பொதுவில் இருக்கும் கால் ஏக்கர் முடங்கினால்கூட ஊரிலிருந்து அவனுக்குத் தகவல் போகும்.

ஜாமீன்தாரர்களை மட்டும் விடாதீர்கள். ஜாமீனில் போய் ஓடியவனுக்கு இரண்டு பேர் உத்தரவாதம் கொடுத்திருப்பார்கள். அவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பிப் பிணைத்தொகையை வசூலிக்க 446 (புதிய 491) இடம் தருகிறது. தொகை சொற்பம்தான். ஆனால் ஓடிப்போனவனின் இப்போதைய ஊரைத் தெரிந்தவர் உலகத்தில் நாலு பேர் என்றால், அதில் ஒருவர் ஜாமீன்தாரர்.

மூன்றாம் படி: சாட்சி இறப்பதற்கு முன் 299

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் இதை மட்டும் படித்தாலும் போதும்.

நான்கு பேர் மேல் வழக்கு, இரண்டு பேர் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். இருந்த இரண்டு பேரை வைத்து விசாரணை நடக்கிறது. உங்கள் அம்மா கூண்டேறி, அன்றிரவு டார்ச் வெளிச்சத்தில் பார்த்த முகங்களைப் பற்றி அழுதுகொண்டே சாட்சி சொல்கிறார். தண்டனையும் கிடைக்கிறது. பன்னிரண்டு வருடம் கழித்து மூன்றாமவன் பிடிபடுகிறான். அம்மா இப்போது இல்லை. அன்று அவர் சொன்ன சாட்சியத்தை எடுத்து இவன் மேல் வைத்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். முடியாது. அந்தச் சாட்சியம் அவனுக்கு எதிராகப் பதிவானது இல்லை. அவனுக்குக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு இருந்ததும் இல்லை.

இதற்கு விதிவிலக்குத்தான் 299 (புதிய 335). குற்றம் சாட்டப்பட்டவன் ஓடிவிட்டான், உடனே பிடிபடும் வாய்ப்பும் இல்லை என்பது நிரூபிக்கப்பட்டால், அவன் இல்லாமலேயே சாட்சிகளை விசாரித்துப் பதிவு செய்து வைக்கலாம். அவன் பின்னால் பிடிபடும்போது அந்தச் சாட்சி இறந்திருந்தாலோ, சாட்சி சொல்ல முடியாத நிலையில் இருந்தாலோ, தேடியும் கிடைக்காவிட்டாலோ, அந்தப் பதிவை அவனுக்கு எதிராகப் பயன்படுத்தலாம். ஓடியது, பிடிபட வாய்ப்பில்லாதது ஆகிய இரண்டுமே நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2009ல் அழுத்திச் சொல்லியிருக்கிறது. சும்மா "299ன் கீழ்" என்று தலைப்புப் போட்டால் நிற்காது. வாரண்டோடு தேடிப் போன போலீஸ்காரர் முதலில் கூண்டேறி, எங்கெங்கே தேடினேன் என்று சொல்ல வேண்டும்.

முதன்மை வழக்கு இன்னும் முடியவில்லை என்றால் இன்றைக்கே அரசு வக்கீலைப் பார்த்து, ஓடிப்போனவருக்கு எதிராகவும் சாட்சியம் பதிவாகும்படி 299 மனுப் போடச் சொல்லுங்கள். முதன்மை வழக்கு முடிந்திருந்தால், ஸ்பிலிட்-அப் வழக்கில் வயதான சாட்சிகளை மட்டுமாவது விசாரிக்கக் கேளுங்கள். கண்ணால் பார்த்தவர், பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், கைரேகை எடுத்தவர், மகஜரில் கையெழுத்துப் போட்டவர் என்ற வரிசையில் பட்டியல் எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே வயதை எழுதுங்கள். அந்த வயதைப் பார்த்தாலே அவசரம் புரியும்.

யார் செய்தார்கள் என்றே தெரியாத வழக்குக்கும் இதே பிரிவில் ஒரு கதவு இருக்கிறது, வக்கீல்களே மறந்துபோனது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றத்தைச் செய்தவர் யாரென்று தெரியாதபோது, உயர் நீதிமன்றமோ செஷன்ஸ் நீதிபதியோ உத்தரவிட்டால், முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் சாட்சிகளை விசாரித்துப் பதிவு செய்து வைக்கலாம். நாளை எவனாவது சிக்கினால் அது பயன்படும். இதற்காக மனுப் போட்டவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

நான்காம் படி: தடயப் பொருள்கள்

தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில், வழக்குச் சொத்துகளை, அதாவது கோர்ட்டில் ஒப்படைத்த தடயப் பொருள்களைப் பற்றி இரண்டு வரி இருக்கும். "மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் அழிக்கப்பட வேண்டும்" என்று அது சொன்னால், ரத்தக் கறை படிந்த துணி, கடப்பாரை, கைரேகை எடுத்த பீரோக் கண்ணாடி எல்லாம் ஒரு நாள் போய்விடும். ஓடிப்போனவர் மேல் வழக்கு நிலுவையில் இருக்கும்போது, "பிரிக்கப்பட்ட வழக்கு முடியும் வரை பாதுகாக்க" என்றுதான் அந்த வரி இருக்க வேண்டும். தீர்ப்பை எடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் அதே கோர்ட்டில் ஒரு மனு போதும். மேல்முறையீட்டுக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போன அசல் ஆவணங்கள் திரும்பி வந்தனவா என்பதையும் கேளுங்கள். போகும் வழியில் தொலைந்ததை விட, வந்தபின் தப்பான அறையில் வைத்ததே அதிகம்.

உங்கள் கையிலேயே ஒரு தடயம் இருக்கலாம். மீட்கப்பட்ட நகையைக் கோர்ட் உங்களிடம் கொடுத்தபோது, விற்கக் கூடாது, உருமாற்றக் கூடாது, கேட்கும்போது காட்ட வேண்டும் என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருக்கும். யாருக்கும் அது நினைவில் இருக்காது. என்னிடம் வந்த ஒரு அம்மா, இறந்துபோன மாமியாரின் கொடியைத் தன் மகள் கல்யாணத்துக்கு உருக்கிவிட்டிருந்தார். அவர்மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்? பவுன் விலையும் கல்யாணச் செலவும் வழக்குக்காகக் காத்திருக்குமா? ஆனால் உருக்குவதற்கு முன் கோர்ட்டில் மனுப் போட்டு, போட்டோ எடுத்து, எடை எழுதிப் பதிவு செய்துவிட்டால் போதும். அந்தப் போட்டோவே சாட்சியமாக நிற்கும் என்று 2002லேயே உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது.

ஐந்தாம் படி: கைரேகை

திருட்டு நகை இருபது வருடத்தில் தடயமாக இருக்காது. திருட்டு நடந்த உடனே அந்தப் பொருளோடு பிடிபட்டால்தான் "இவனே எடுத்தவன்" என்று நீதிமன்றம் ஊகிக்கும். நாள் ஆக ஆக அந்த ஊகம் கரையும். ஆளும் உருவம் மாறியிருப்பான். மாறாதது விரல் நுனி மட்டும்.

பவாரியா கும்பலைப் பிடித்ததிலும் அதுதான் நடந்தது. சம்பவ இடங்களில் எடுத்த ரேகைகளைத் தூக்கிக்கொண்டு தனிப்படைகள் வடமாநிலச் சிறைகளுக்கும் காவல் துறை அலுவலகங்களுக்கும் அலைந்து ஒப்பிட்டன. இன்று அந்த அலைச்சல் குறைவு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் நடத்தும் நாஃபிஸ் என்ற தானியங்கிக் கைரேகைத் தொகுப்பு 2022ல் வந்துவிட்டது. ஒரு மாநிலத்தில் சின்னத் திருட்டில் பிடிபட்டவனின் ரேகையை இன்னொரு மாநிலத்துப் பழைய வழக்கோடு கணினியே ஒப்பிடும். அதே ஆண்டில் வந்த அடையாளச் சட்டம், இந்தப் பதிவுகளை 75 ஆண்டு வைத்திருக்க வழி செய்கிறது. அவ்வளவு காலம் ஒரு மனிதனின் ரேகை அரசிடம் இருப்பது சரியா என்பது வேறு விவாதம், எனக்கும் அதில் மனத்தாங்கல் உண்டு.

உங்கள் வேலை ஒன்றே ஒன்று. 1998ல் பீரோவில் எடுத்த ரேகை அந்தத் தொகுப்புக்குள் ஏற்றப்பட்டதா என்று கேளுங்கள். குற்ற எண்ணைக் குறிப்பிட்டு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, விரல்ரேகைப் பிரிவில் மறு ஒப்பீடு கோரி மனு எழுதுங்கள். பழைய ரேகை காகிதக் கோப்பிலேயே கிடந்தால் எந்தக் கணினிக்கும் அது தெரியாது.

"ஆதாரில் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிடாதா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கிடைக்காது. ஆதார் சட்டம், கைரேகை போன்ற உயிரியல் அடையாளத்தைக் குற்ற விசாரணைக்குக் கொடுக்கத் தடை வைத்திருக்கிறது. பெயர், முகவரி போன்ற விவரத்துக்கே உயர் நீதிமன்ற நீதிபதியின் உத்தரவு வேண்டும்.

கைரேகையே எல்லாவற்றையும் முடித்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கல்கத்தாவில் 1897ல் கைரேகைக் கூடம் தொடங்கிய கையோடு வந்த முதல் பெரிய வழக்கே ஒரு ஆதாயக் கொலைதான். ஜல்பாய்குரித் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவரைக் கழுத்தறுத்துக் கொன்று பெட்டியைச் சூறையாடியிருந்தார்கள். அங்கே கிடந்த வங்காளப் பஞ்சாங்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. அது ஏற்கெனவே திருட்டில் தண்டனை பெற்ற பழைய வேலைக்காரனுடையது என்று பதிவேடு காட்டியது. நீதிமன்றம் அவனைத் திருட்டுக்குத் தண்டித்தது, கொலையிலிருந்து விடுவித்தது. ரேகை அவன் அங்கே இருந்தான் என்று சொன்னதே தவிர, வெட்டினான் என்று சொல்லவில்லை. இன்றும் வக்கீல்கள் அதே இடத்தில்தான் நின்று வாதாடுகிறார்கள். அதனால்தான் உங்கள் அம்மாவின் சாட்சியம் 299ல் பதிவாகியிருக்க வேண்டும் என்று அவ்வளவு வற்புறுத்தினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. பவாரியா என்பது ஒரு சமூகத்தின் பெயர். 1871ல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தில் முத்திரை குத்தப்பட்டு, 1952ல்தான் அதிலிருந்து விடுபட்ட பல சமூகங்களில் ஒன்று. தமிழ்நாட்டுக்கும் அந்தச் சட்டத்தின் காயம் தெரியும். உங்கள் மனுவில் ஆளின் பெயரையும் வழக்கு எண்ணையும் எழுதுங்கள். சாதியையோ "அந்த ஊர்க்காரங்களே அப்படித்தான்" என்பதையோ எழுத வேண்டாம். அது நியாயமும் இல்லை, கைதுக்கு உதவவும் செய்யாது.

ஆறாம் படி: தகவல் வந்தால்

தலைமறைவானவன் ஊரை விடுவான், உறவை அவ்வளவு சுலபமாக விடுவதில்லை. அம்மாவின் காரியம், தங்கை கல்யாணம், குலதெய்வக் கோயில் கொடை இவற்றில் எங்காவது தலை காட்டுவான். ஆகவே தகவல் முதலில் உங்களுக்குத்தான் வரும்: "திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேற பேர்ல இருக்கானாம்ணே."

நீங்கள் போகாதீர்கள். அறிவிக்கப்பட்ட குற்றவாளியைத் தனி நபரும் பிடித்து ஒப்படைக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது (43, புதிய 40), உண்மைதான். ஆனால் ஒரு கொலை செய்தவன் முன்னால் அந்தப் பிரிவு உங்களுக்குக் கேடயம் இல்லை. ஆள் மாறிப்போனால் வழக்கு உங்கள் மேல். நீங்கள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாலே அவன் அன்றிரவு பஸ் ஏறிவிடுவான்.

யார் சொன்னார்கள், எப்போது பார்த்தார்கள், இப்போது என்ன பெயர், என்ன தொழில் என்று ஒரு தாளில் எழுதி, காவல் கண்காணிப்பாளரிடமோ ஆணையரிடமோ நேரில் கொடுங்கள். ஸ்டேஷன் வாசலில் நின்று சொல்ல வேண்டாம். வாட்ஸ்அப்பில் போட்டோவைப் பரப்பவே வேண்டாம். அவன் உஷாராவது ஒரு பக்கம். பின்னால் அடையாள அணிவகுப்பு (பலரோடு நிற்கவைத்து, சாட்சியை ஆளை அடையாளம் காட்டச் சொல்வது) நடத்தும்போது, "சாட்சி ஏற்கெனவே போட்டோவைப் பார்த்துவிட்டார்" என்ற ஒரு கேள்வியிலேயே அது செத்துப்போகும். கைதானவனின் முகத்தைப் போலீஸ் துணியால் மூடிக் கூட்டிப் போவது இதற்காகத்தான்.

"அவன் செத்துட்டான்" என்ற தகவலும் வரும், சில நேரம் அவன் வீட்டிலிருந்தே. ஏழு வருடம் காணோம் என்றால் இறந்ததாக ஊகிக்கலாம் என்ற விதியைக் காட்டுவார்கள். அந்த ஊகத்தை மட்டும் வைத்துக் கொலை வழக்கை மூட விடாதீர்கள். இறப்புச் சான்றிதழ் எங்கே, எந்த ஆஸ்பத்திரி, எந்தச் சுடுகாடு என்று விசாரித்து அறிக்கை தரும்படி நீதிமன்றத்தில் கேளுங்கள்.

ஏழாம் படி: யாரும் அசையாவிட்டால்

மனுவை ஸ்டேஷன், டி.எஸ்.பி., எஸ்.பி. என்று வரிசையாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள். எஸ்.பி. அலுவலகத்தில் புதன்கிழமை மனு வாங்கும் நாளில் போனால் கையில் எண்ணோடு வருவீர்கள். பிறகு உயர் நீதிமன்றத்தில், வாரண்டை நிறைவேற்றத் தனிப்படை அமைக்கவோ, சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றவோ கோரி மனுத் தாக்கல் செய்யலாம் (482, புதிய 528). ரசீதுகள் இல்லாமல் அங்கே போனால், "முதலில் போலீசிடம் மனுக் கொடுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் குரலைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022ல் லக்கிம்பூர் கேரி ஜாமீன் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மூலையில் நிற்க வேண்டியதில்லை. அரசு வக்கீலுக்கு உதவ உங்கள் சொந்த வக்கீலையும் வைத்துக்கொள்ளலாம்.

புதிய சட்டத்தின் 356, அறிவிக்கப்பட்ட குற்றவாளி மேல் அவன் இல்லாமலேயே முழு விசாரணை நடத்தித் தீர்ப்புச் சொல்லவும் வழி திறந்திருக்கிறது. முப்பது நாள் இடைவெளியில் இரண்டு வாரண்டு, பத்திரிகை அறிவிப்பு, உறவினருக்குத் தகவல், குற்றச்சாட்டு வனைந்து தொண்ணூறு நாள் காத்திருப்பு, அவனுக்கு அரசுச் செலவில் வக்கீல் என்று நிபந்தனைகள் உண்டு. பழைய வழக்குக்கு இதைக் கேட்டால் எதிர்வாதம் வரும். ஏற்கெனவே நிலுவையில் உள்ள விசாரணை பழைய சட்டப்படியே தொடரும் என்று 531வது பிரிவு சொல்கிறது. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ஆள் இல்லாமல் வாங்கிய தண்டனையை யார் அனுபவிப்பது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இதைவிட 299 மேல்தான் நம்பிக்கை.

எட்டாம் படி: பிடிபட்ட நாள்

வெளி மாநிலத்தில் கைதானால் அங்கே உள்ள மாஜிஸ்திரேட்டிடம் டிரான்சிட் வாரண்டு வாங்கித்தான் கூட்டி வருவார்கள். வந்ததும் எல்.பி.சி.யில் தூங்கும் வழக்கை எழுப்ப மனுப் போட வேண்டும். போலீஸ் போட்டுவிடும் என்று இருந்துவிடாமல் போட்டதா என்று பாருங்கள். ஜாமீன் மனு முதல் வாரத்திலேயே வரும். ஒரு முறை ஓடியவன் என்ற காகிதங்கள் அத்தனையையும் எதிர்ப்பு மனுவோடு வையுங்கள்.

எதிர்த்தரப்பு மூன்று பக்கமிருந்து வரும். "சம்பவத்தின்போது எனக்குப் பதினேழு வயது" என்பது ஒன்று. சிறார் என்ற வாதத்தை எந்தக் கட்டத்திலும், நாற்பத்தைந்து வயதிலும் எழுப்பலாம், பள்ளிச் சான்றிதழ் சரியாக இருந்தால் நிற்கும். அவசரப்பட்டுக் கோபப்படாமல் அந்தச் சான்றிதழ் எந்த வருடம் வாங்கப்பட்டது என்று பாருங்கள். "கூட இருந்தவர்கள் விடுதலையாகிவிட்டார்கள், என்னையும் விடுங்கள்" என்று வழக்கையே ரத்து செய்யக் கேட்பது அடுத்தது. அது தானாகக் கிடைக்கும் உரிமை இல்லை. அவர்களுக்கு எதிராக இருந்த சாட்சியமும் இவனுக்கு எதிராக இருப்பதும் ஒன்றா என்று நீதிமன்றம் பார்க்கும். மூன்றாவது, "நான் அவனே இல்லை." அதற்குத்தான் கைரேகை.

சாட்சிகளோடு உட்கார்ந்து பேசுங்கள், சொல்லிக் கொடுக்காதீர்கள். இருபது வருடத்துக்கு முன் பார்த்த சட்டை நிறம் நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே சொல்லட்டும். நினைவில்லாததை உறுதியாகச் சொன்ன சாட்சியால் கெட்ட வழக்குகள் அதிகம்.

நஷ்டஈட்டுக்குத் தண்டனை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. குற்றவாளி யாரென்று தெரியாவிட்டாலும், அவன் கிடைக்காவிட்டாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம் என்று 357ஏ (புதிய 396) சொல்கிறது. ஆணைக்குழு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், கட்டணம் கிடையாது.

கடைசியாக, சின்ன விஷயம். முதல் தகவல் அறிக்கையில் இருக்கும் உங்கள் முகவரி இருபது வருடம் பழையது. சம்மன் அந்த வீட்டுக்குப் போய், "வீடு மாறிவிட்டார்" என்று எழுதித் திரும்பி வரும். உங்களுடைய, மற்ற சாட்சிகளுடைய இப்போதைய முகவரியையும் கைப்பேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி, ஸ்டேஷனில் ஒன்று, அரசு வக்கீல் ஆபீசில் ஒன்று, கோர்ட்டில் மெமோவாக ஒன்று கொடுங்கள். எண் மாறினால் மறுபடி கொடுங்கள்.